ஏசி ஃபில்டரை மாற்றுவதா, கழற்றி எறிவதா?

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 2016 மாடல் கிராண்ட் ஐ10 கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ஏசி ஃபில்டர் மாற்றியதாக பில்லில் ஒரு வரி வருகிறதாம். தெரிந்த மெக்கானிக் ஒருவரோ, "இது இருந்தா காத்தை அடைக்கும், தேவையே இல்ல" என்று எட்டு மாதம் முன்பு அதைக் கழற்றி எறிந்துவிட்டார். அன்றைக்குக் காற்று பிய்த்துக்கொண்டு வந்ததாம். இப்போது மெலிந்துவிட்டது, வண்டியை எடுத்ததும் ஈரச் சாக்கு வாடை அடிக்கிறது. வீட்டில் நாலு வயதுக் குழந்தைக்கு அடிக்கடி வீசிங். யார் சொல்வது சரி, நானே மாற்றிக்கொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும் தம்பி. ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர் எதுவும் வேண்டாம். பழகிவிட்டால் பத்து நிமிட வேலை. ஆனால் உங்கள் வண்டி எட்டு மாதம் ஃபில்டர் இல்லாமல் ஓடியிருக்கிறது. அதனால் புதுசு வாங்கிச் செருகினால் மட்டும் காரியம் முடியாது. உள்ளே போய்ப் படிந்ததை முதலில் கவனிக்க வேண்டும். யார் சரி என்று கேட்டால், இரண்டு பேருமே சரியில்லை. கண்ணில் காட்டாமல் சர்வீஸுக்கு சர்வீஸ் மாற்றுவது காசுக்குக் கேடு. கழற்றி எறிவது வண்டிக்கும் உங்கள் குழந்தைக்கும் கேடு. இரண்டில் மோசமானது இரண்டாவதுதான். கோவையில் இருபது வருஷத்துக்கு மேல் கார் ஏசி வேலை பார்த்ததில் உறுதியாகச் சொல்வேன்.

காரணம் புரிய, காற்று வரும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். பானட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவே, வைப்பர் படுத்திருக்கும் இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் ஜாலி ஒன்று இருக்கிறது. வெளிக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. இறங்கியதும் ஒரு கதவு. டேஷ்போர்டில் காருக்குள் அம்பு வளைந்திருக்கிற மாதிரி ஒரு பட்டன் உண்டல்லவா, அதை அழுத்தினால் இந்தக் கதவு வெளிவழியை மூடி, காருக்குள் இருக்கும் காற்றையே திரும்ப எடுக்கும். கதவைத் தாண்டினால் ஃபில்டர். அதற்குக் கீழே ப்ளோயர் விசிறி. விசிறி தள்ளும் காற்று கூலிங் காயிலுக்குள் நுழைந்து குளிர்ந்து உங்கள் முகத்துக்கு வருகிறது. ஆக, வெளிக்காற்றானாலும் உள்காற்றானாலும் உங்கள் வண்டியில் ஃபில்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணாடியை ஏற்றி வைத்து உள்காற்றிலேயே ஓட்டுகிறேன், எனக்கு எதற்கு ஃபில்டர் என்று சிலர் கேட்பார்கள். செருப்பில் வந்த மண், சீட்டுத் துணியின் நூல், தலைமுடி எல்லாம் அந்த வழியில்தான் சுற்றுகின்றன.

இப்போது கூலிங் காயிலைப் பாருங்கள். மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக நிற்கும், சீப்புப் பல் மாதிரி. ஏசி ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் அந்தத் தகடுகளில் வியர்த்து நீராக இறங்கும். தூசி காய்ந்த இடத்தில் விழுந்தால் தட்டிவிடலாம். ஈரமான தகட்டில் விழுந்தால் சேறாகி ஒட்டும். ஒட்டிய சேற்றில் பூஞ்சை வளரும். நீங்கள் சொல்கிற ஈரச் சாக்கு வாடை அதுதான்.

ஒரு வாடகை வண்டியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அதிலும் இதே மாதிரி யாரோ ஃபில்டரைக் கழற்றியிருந்தார்கள், இரண்டு வருஷம் அப்படியே ஓடியிருக்கிறது. ப்ளோயரை நாலில் வைத்தாலும் காற்று ஊதுபத்தி புகையைக் கலைக்கிற அளவுக்குத்தான் வந்தது. டேஷ்போர்டைக் கழற்றிக் காயிலை வெளியே எடுத்தோம். காற்று நுழையும் முகத்தில் சாம்பல் நிறக் கம்பளித் துண்டை வெட்டி ஒட்டினாற்போல் இருந்தது. ஓரத்தில் நகத்தை விட்டுக் கிளப்பினேன், பாலாடை மாதிரி ஒரே ஏடாக உரிந்து வந்தது. விரலால் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி பஞ்சு. நடுவில் வேப்பிலைக் காம்பு, நாய் முடி, ஒரு சிவப்பு நூல். அந்த வேலைக்கு ஒரு முழு நாள் போயிற்று. கேஸை இறக்கி ஏற்ற வேண்டும், டேஷ்போர்டை ஒரு கிளிப் உடையாமல் திரும்ப மாட்ட வேண்டும். ஃபில்டர் விலை சில நூறு ரூபாய், இந்த வேலைக்கோ ஆயிரக்கணக்கில் ஆகும்.

கழற்றிய அன்று காற்று பிய்த்துக்கொண்டு வந்ததன் காரணமும் இதிலேயே இருக்கிறது. பழைய ஃபில்டர் அடைத்திருந்தது, எடுத்ததும் வழி திறந்தது. அடைப்பு அங்கிருந்து நகர்ந்து, கையெட்டும் இடத்திலிருந்து கையெட்டாத இடத்துக்குப் போய்விட்டது. அந்த மெக்கானிக் உங்களை ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார். உடனடிப் பலனை மட்டும் பார்த்தார், அவ்வளவுதான்.

சரி, கைவேலைக்கு வருவோம். கடையில் கேட்கும்போது "ஏர் ஃபில்டர்" என்று மட்டும் சொல்லாதீர்கள், எஞ்சின் ஃபில்டரைக் கொடுத்துவிடுவார்கள். "ஏசி ஃபில்டர்" அல்லது "கேபின் ஃபில்டர்" என்று சொல்லி மாடலும் வருஷமும் சொல்லுங்கள். கிராண்ட் ஐ10 2013-இல் வந்த வண்டி. அதற்கு முந்தைய ஐ10, பிறகு வந்த நியோஸ் எல்லாவற்றையும் கடைக்காரர் ஒரே பெயரில் சொல்லி ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிடக்கூடும். அளவு ஒரு விரல் தடிமன் பெரிதாக இருந்தாலும் உள்ளே மடங்கி நிற்கும், சிறிதாக இருந்தால் ஓரத்தில் சந்து விடும். இரண்டிலும் தூசி பக்கவாட்டில் புகுந்து போய்விடும். வாங்கும் முன், பில்லைக் காட்டித் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியை நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். இடது பக்க க்ளவ் பாக்ஸைக் காலி செய்யுங்கள். ஆர்சி, இன்ஷூரன்ஸ், டிஷ்யூ, பழைய டோல் ரசீது எல்லாம் வெளியே வரட்டும். க்ளவ் பாக்ஸைத் திறந்தால் உள்பக்கச் சுவரில் இருபுறமும் பிளாஸ்டிக் தடுப்பான் ஒவ்வொன்று தெரியும். பெட்டி முழுக்கக் கீழே விழாமல் பிடிப்பது அதுதான். அதைக் கழற்றுங்கள். வராவிட்டால் பலம் போடாதீர்கள். எந்தப் பக்கம் திருகினால் இளகுகிறது என்று மெதுவாகப் பாருங்கள், வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் சட்டென்று உடையும். சில வண்டிகளில் பக்கவாட்டில் மெல்லிய கை ஒன்றும் மாட்டியிருக்கும், அதையும் விடுவித்துவிட்டால் பெட்டி முழங்காலைத் தொடுமளவுக்குச் சாய்ந்து தொங்கும்.

பின்னால் நீள்சதுரக் கறுப்பு மூடி ஒன்று படுக்கையாக இருக்கும். ஓரத்திலுள்ள பூட்டை அழுத்தியபடி உங்கள் பக்கம் இழுத்தால் வந்துவிடும். ஃபில்டர் இருக்கும் வண்டியாக இருந்தால், அந்த இடத்தில் நிதானம் வேண்டும். கீழே ஒரு செய்தித்தாளை விரித்து, ஃபில்டரைச் சாய்க்காமல் தட்டை இழுப்பது போல நேராக இழுக்க வேண்டும். சாய்த்தால் மேலே கிடக்கும் சருகும் மண்ணும் நேராக ப்ளோயர் விசிறிக்குள் கொட்டும். பிறகு வண்டி ஓடும்போதெல்லாம் "டர்ர்ர்" என்று ஒரு சத்தம், ஒரு வேப்பங்காம்பே போதும் அதற்கு.

உங்களுக்கு இழுக்க ஒன்றுமில்லை, வெறும் பள்ளம்தான். போன் டார்ச்சை அதற்குள் அடித்துக் கீழே பாருங்கள், விசிறியின் தகடுகள் தெரியும். தகடுகளின் குழிவில் பஞ்சு அப்பியிருக்கும் என்றே நினைக்கிறேன், உங்கள் ஊரில் அது இல்லாமல் இருக்காது. எலி எச்சம் இல்லையென்றால் மட்டும் வேக்குவம் கிளீனரின் மெல்லிய மூக்கை விட்டு உறிஞ்சுங்கள். விசிறியை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எல்லாத் தகட்டையும் எடுங்கள். சாவி போடாத நிலையில்தான் விரல் உள்ளே போக வேண்டும். சுவர்களை ஈரத்துணியால் துடைத்து, காயவிடுங்கள். பள்ளத்தில் கடலைத் தோல், பஞ்சுக் குவியல், கறுப்பு மிளகு மாதிரி எச்சம் இருந்தால் எலி குடியிருந்திருக்கிறது. அப்போது கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, எச்சத்தைக் கிருமிநாசினியால் நனைத்துவிட்டுத் துடையுங்கள். காய்ந்த எச்சத்தை உறிஞ்சவோ ஊதவோ கூடாது.

புது ஃபில்டரைப் போடுவது காயிலைச் சுத்தம் செய்த பிறகுதான், அதைக் கீழே சொல்கிறேன். ஃபில்டரின் ஓரத்தில் ஒரு அம்பு அச்சடித்திருக்கும். உங்கள் வண்டியில் காற்று மேலிருந்து கீழே போகிறது, அம்பு கீழே பார்க்க வேண்டும். வேறு வண்டிக்காரர்கள் இதைப் படித்தால், பழைய ஃபில்டரை இழுக்கும்போதே எந்தப் பக்கம் அழுக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள், அழுக்குப் பக்கம்தான் காற்று வரும் பக்கம். அம்பைத் தலைகீழாகப் போட்டால் வண்டி நின்றுவிடாது, ஆனால் சத்தம் வரும், வடிகட்டும் திறனும் குறையும். மூடியைப் போடும்போது "டக்" என்று உட்கார வேண்டும். உட்காராத மூடியின் சந்தில் காற்று விசில் அடிக்கும். க்ளவ் பாக்ஸைத் தூக்கி, தடுப்பானை மாட்டி, ப்ளோயரை ஒன்றிலிருந்து நாலு வரை வைத்துக் காது கொடுங்கள்.

எந்த ஃபில்டர் வாங்குவது என்று அடுத்து கேட்பீர்கள். வெள்ளையாக மடிப்பு மடிப்பாக வருவது சாதாரணம். தூசி, மகரந்தம், பஞ்சு எல்லாவற்றையும் பிடிக்கும். பெரும்பாலும் முந்நூறு ரூபாயை ஒட்டி வரும், கடைக்குக் கடை மாறும். சாம்பல் நிறமாக, கரித்தூள் சேர்த்து வருவதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. அது வாடையையும் கொஞ்சம் பிடிக்கும். சாயப்பட்டறை வழியாக, டீசல் லாரிகளின் பின்னால் தினமும் போகிறவருக்கு அந்தக் காசு வீணில்லை. ஆனால் கரித்தூள் நிறைந்துவிட்டதைக் கண்ணால் பார்க்க முடியாது, வாடை மறுபடி வரத் தொடங்குவதுதான் அடையாளம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த கேபின் ஃபில்டரும் கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்குவது உயிருக்கு ஆபத்து, எவ்வளவு விலையுள்ள ஃபில்டர் போட்டிருந்தாலும்.

"பிஎம் 2.5 பிடிக்கும்", "ஹெப்பா தரம்" என்று அட்டையில் எழுதி விற்பவையும் இருக்கின்றன. பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்தூசி, ஹெப்பா என்பது அப்படிப்பட்ட நுண்தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் வகை. 2.5 மைக்ரான் என்பது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அதைப் பிடிக்கிற அளவுக்கு நெருக்கமாகப் பின்னிய காகிதம் காற்றையும் தடுக்கும். உங்கள் மாதிரி சின்ன ப்ளோயர் உள்ள வண்டியில் அதைப் போட்டால், ஃபில்டரை எறிந்த அந்த மெக்கானிக்கின் புகார் நிஜமாகிவிடும். உங்கள் மாடலுக்கென்றே நல்ல கம்பெனி போடும் கரித்தூள் ஃபில்டர் போதும் என்பது என் எண்ணம்.

எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவது? பொதுவாகப் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரத்துக்குள், அல்லது வருஷத்துக்கு ஒரு முறை என்பார்கள். தூசி அதிகமான இடத்தில் அதற்கு முன்பே மாற்றச் சொல்வார்கள். மில் ஓரமும் மண் ரோடும் உள்ள உங்கள் ஊருக்குக் கிலோமீட்டர் கணக்கு சரிவராது. நாலு மாதத்துக்கு ஒரு முறை இழுத்துப் பாருங்கள். மடிப்பை இரு விரலால் விரித்தால் பள்ளத்தின் அடி தெரிய வேண்டும். மேல் விளிம்பு மட்டும் கறுத்திருந்தால் பரவாயில்லை, இன்னும் ஓடும். அடிப்பள்ளமே தூர்ந்து, மேலே பஞ்சு மெத்தை மாதிரி படர்ந்திருந்தால் மாற்றுங்கள். ஈரம்பட்டுக் கரும்புள்ளி விழுந்திருந்தால் போட்டு ஒரு மாதமே ஆகியிருந்தாலும் மாற்றுங்கள். சர்வீஸ் சென்டரில் மாற்றச் சொன்னால், "பழசை எடுத்து வந்து காட்டுங்க, அப்புறம் சொல்றேன்" என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

தட்டிப் போடலாமா என்றால், மேலே கிடக்கும் இலையையும் பஞ்சையும் குப்பைக்கூடை மேல் பிடித்து லேசாகத் தட்டலாம். பெட்ரோல் பங்கில் கம்ப்ரஸர் காற்றை வைத்து ஊதுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். அந்த அழுத்தத்தில் இழைகள் பிய்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். தண்ணீரில் கழுவவும் கூடாது, கழுவலாம் என்று அட்டையிலேயே போட்டு வருகிற ஒருசில வகைகளைத் தவிர.

இனி உங்கள் வாடைப் பிரச்சினை. புது ஃபில்டர் போட்டால் வாடை போய்விடும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அது காயிலில் இருக்கிறது. ஃபில்டர் போடும் முன்பே, ஏசி காயிலுக்கென்று விற்கும் நுரை கிளீனரை அடிக்கச் சொல்லுங்கள். நீங்களே அடிப்பதானால் டப்பாவில் எழுதியிருப்பதை வரி வரியாகப் படியுங்கள். நுரை கரைந்து இடது பக்கத்து அடியில் இருக்கும் வடிகுழாய் வழியாகக் கீழே சொட்டும். சொட்டுகிற நீரின் நிறமே காயிலின் நிலைமையைச் சொல்லிவிடும். டிகாஷன் நிறத்தில் ஆரம்பித்துத் தெளிந்துகொண்டு வந்தால் நல்லது. ஒன்றுமே சொட்டவில்லை என்றால் வடிகுழாய் அடைத்திருக்கிறது, அதை முதலில் திறக்க வேண்டும். ஏசி ஓடும்போது இடது முன்சீட்டு மிதியடி நனைகிற வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் கோளாறு. நனைவது பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் மட்டும் வேறு கதை, அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். உடனே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போங்கள்.

வாடை திரும்ப வராமல் இருக்க ஒரு பழக்கம் உதவும். வீடு சேர மூன்று நாலு நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை அணைத்துவிட்டு, ப்ளோயரை மட்டும் ஓடவிடுங்கள். காயில் காய்ந்துவிடும். ஈரம் இல்லாத இடத்தில் பூஞ்சை வளராது.

குழந்தை விஷயம் உங்கள் கேள்வியின் கடைசி வரியில் இருந்தது, என் மனதில் முதலில் நின்றது அதுதான். வீசிங்குக்கு டாக்டர் சொல்வதுதான் வழி, நான் மருந்து சொல்ல வரவில்லை. ஆனால் தூசியும் மகரந்தமும் பூஞ்சையும் ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் உண்டு. நம் பக்கத்துத் தரிசுகளில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தின் மகரந்தம் பெரியவர்களையே படுத்துகிறது. பூஞ்சை பிடித்த காயில் வழியாக வருகிற காற்று அந்தக் குழந்தையின் முகத்துக்கு நேராக வீசக்கூடாது. சுத்தம் செய்யும்வரை, வண்டியை எடுத்ததும் கண்ணாடிகளை இறக்கி ப்ளோயரை முழுசாக ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, அதற்குப் பிறகு குழந்தையை ஏற்றுங்கள். லாரியின் பின்னால் மாட்டும்போது உள்காற்றுப் பட்டனைப் போடுவது நல்லதுதான். அதையே மணிக்கணக்கில் போட்டு வைத்தால் நாலு பேர் விடும் மூச்சு உள்ளேயே சேர்ந்து, ஓட்டுகிறவருக்குத் தூக்கம் தள்ளும். நெடும் பயணத்தில் அரை மணிக்கு ஒரு தடவையாவது வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

எலிக்கும் வாடைக்கும் என்று ஃபில்டர் பள்ளத்தில் பாச்சை உருண்டை போடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நாப்தலின் ஆவி முழுக்க நீங்கள் மூச்சில் இழுப்பீர்கள், சின்னக் குழந்தைகளுக்கு அது விஷம். ஃபில்டர் மேல் சென்ட் அடிப்பதும் அப்படியே. எலியைத் தடுக்க வண்டிக்குள் பிஸ்கட், கடலை விடாமல் இருப்பதும், வாரம் ஒரு முறை பானட்டைத் திறந்து பார்ப்பதும், வைப்பர் ஜாலியில் சேரும் சருகைக் கையால் அள்ளுவதுமே வழி. வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் பங்குனி இலையுதிர்வில் தினமும் அள்ள வேண்டியிருக்கும்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா வண்டியிலும் க்ளவ் பாக்ஸ் பின்னால்தான் ஃபில்டர் இருக்கும் என்றில்லை. சிலவற்றில் டேஷ்போர்டுக்கு அடியில் கால் வைக்கும் பக்கம், சிலவற்றில் பானட்டுக்குள் வைப்பருக்கு அடியில். பழைய, விலை குறைந்த சில மாடல்களில் கம்பெனியே ஃபில்டர் போடாமல் பள்ளத்தை மட்டும் விட்டிருப்பார்கள், அல்லது மூடியை ஒட்டவைத்திருப்பார்கள். வண்டியோடு வந்த கையேட்டில் இடம் படத்தோடு இருக்கும்.

தம்பி, நுரை அடித்து, புது ஃபில்டர் போட்ட பிறகும் காற்று மெலிந்தே வந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். ஆரம்பத்தில் நன்றாக வந்து போகப் போகக் காற்று செத்து, ஏசியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் திரும்ப வந்தால், காயிலில் பனிக்கட்டி பிடிக்கிறது என்று அர்த்தம். முதலிலிருந்தே மெலிவாக, ஆனால் நல்ல குளிராக வந்தால் பெரும்பாலும் காயில் முகம் இன்னும் அடைத்தே இருக்கிறது. காற்று பலமாக வந்து குளிர் மட்டும் இல்லையென்றால் கேஸ், கம்ப்ரஸர் பக்கம் பார்க்க வேண்டும், ஃபில்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இதில் எது என்று குறித்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும் என்று அவர் சொன்னால், அதற்கு முன் ப்ளோயர் மோட்டாரை மட்டும் அடியிலிருந்து கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் குழாய் கேமராவை விட்டுக் காயிலின் முகத்தைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். படத்தை நீங்களும் பாருங்கள், பார்த்த பிறகு முடிவெடுங்கள்.